ஸ்கூட்டரின் இடது பக்கச் சத்தம்: கிளட்ச் கவரைத் திறக்கும் முன்னும் திறந்த பின்னும்

கியர் இல்லாத ஸ்கூட்டரில் இடது பக்கம் சத்தம் வருகிறது என்று சொன்னதும் பட்டறையில் பெரும்பாலும் வரும் பதில், "பெல்ட், ரோலர், கிளட்ச் மூணையும் செட்டா மாத்திடலாம் சார்" என்பதுதான். அறுபதாயிரம் கிலோமீட்டர் ஓடி, எதையுமே மாற்றாத வண்டிக்கு அது நியாயமான யோசனை. மற்ற வண்டிகளில் கோளாறு பல நேரம் ஒரே ஒரு பேரிங்கிலோ காய்ந்துபோன கிக்கர் கியரிலோ இருக்கும். செட்டை மாற்றிப் பணம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வருவதற்குள் அதே சத்தம் மறுபடி கேட்கும்.

சத்தம் எப்படிக் கேட்கிறது என்பதைவிட எப்போது கேட்கிறது என்பதுதான் வழிகாட்டும். 'கடகட', 'கர்ர்ர்', 'கீச்' என்று ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். ஆனால் வண்டி நிற்கும்போதா, கிளம்பும்போதா, ஓடும்போதா, ஆஃப் செய்து தள்ளும்போதா என்ற கேள்விக்குப் பதில் ஆளுக்கு ஆள் மாறாது. அந்தப் பதில் கையில் இருந்தால், இடது பக்கம் இவற்றையெல்லாம் மூடியிருக்கும் கிளட்ச் கவரில் ஒரு போல்ட்டைக்கூடத் தொடாமல் கோளாறு எந்தப் பகுதியில் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

ஆக்டிவா, ஜூபிட்டர், ஆக்சஸ் போன்ற 110, 125 சிசி வண்டிகள் எல்லாவற்றுக்கும் இங்கே சொல்வது பொருந்தும். நட்டின் அளவு, முறுக்க வேண்டிய டார்க் (இறுக்கத்தின் அளவு), தேய்மான எல்லை ஆகியவை மாடலுக்கு மாடல் மாறும். அவற்றுக்கு உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலைத்தான் பார்க்க வேண்டும். வாரன்டி இருக்கும் வண்டியை நீங்கள் திறக்க வேண்டாம். கீழே உள்ள சோதனைகளை மட்டும் செய்து, கண்டதை ஜாப் கார்டில் தெளிவாக எழுதச் சொல்லுங்கள்.

உள்ளே எது எப்போது சுற்றுகிறது

கவருக்குள் முன்னால் ஒரு புல்லி, பின்னால் ஒரு புல்லி, இரண்டையும் இணைக்க ஒரு ரப்பர் பெல்ட். முன் புல்லி இன்ஜினின் கிராங்க் ஷாஃப்டில் நேராக மாட்டியிருக்கும். அதற்குள் ஆறு வெயிட் ரோலர்கள் இருக்கும். வேகம் கூடக்கூட அவை வெளிப்பக்கம் ஓடி, புல்லியின் இரு முகங்களையும் நெருக்கிப் பெல்ட்டை மேலே தள்ளும். இதைத்தான் வேரியேட்டர் என்கிறோம். பின் புல்லியோடு சேர்ந்தே கிளட்ச் ஷூக்கள் மூன்றும் சுற்றும். அவற்றைச் சுற்றிக் கிண்ணம் போலக் கவிந்திருப்பது கிளட்ச் அவுட்டர். மெக்கானிக்குகள் இதைப் பெல் என்பார்கள். இந்தப் பெல்தான் டிரைவ் ஷாஃப்டோடு இணைந்தது. அதன் பிறகு ஃபைனல் கியர், பிறகு பின் சக்கரம்.

பனிப் பிரதேசங்களில் ஓட்டும் ஸ்னோமொபைலிலும் இதே ஏற்பாடுதான். அதில் முன் புல்லியே பெல்ட்டை விட்டுப் பிடித்து கிளட்ச் வேலையையும் பார்த்துவிடும். ஸ்கூட்டரில் அந்த வேலைக்குப் பின்னால் தனியாக ஷூக்கள் இருக்கின்றன. சத்தத்தைப் பிரித்துக் கண்டுபிடிக்க நமக்கு உதவுவதும் இந்தப் பிரிவினைதான்.

வண்டி நின்றபடி ஐடிலிங்கில், அதாவது ஆக்சிலேட்டரைத் தொடாமல் இன்ஜின் மட்டும் ஓடும்போது, முன் புல்லி, பெல்ட், பின் புல்லி, ஷூக்கள் எல்லாம் சுற்றும். பெல், டிரைவ் ஷாஃப்ட், ஃபைனல் கியர், சக்கரம் சும்மா நிற்கும். அதாவது, நிற்கும் ஷாஃப்டின் மேல் பின் புல்லி தன் பேரிங்குகளில் சுழல்கிறது. ஆக்சிலேட்டரைத் திருகினால் ஷூக்கள் விரிந்து பெல்லைப் பிடிக்கத் தொடங்கும். நன்றாகப் பிடித்துவிட்டால் பின் புல்லியும் ஷாஃப்டும் ஒன்றாகவே சுற்றும். அப்போது நடுவில் உள்ள அந்தப் பேரிங்குகளுக்கு வேலையே இல்லை. இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிது.

திறக்காமல் செய்யும் சோதனை

சத்தம் இல்லாத இடத்தில், காலையில் தெரு அமைதியாக இருக்கும்போது செய்வது நல்லது. அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் எதிரொலி குழப்பும். முதலில் வெளியே ஆடக்கூடியவற்றை ஒதுக்கிவிடுங்கள். சைலன்ஸரின் மேல் தகடு, கிக்கர் லீவர், சென்டர் ஸ்டாண்டின் ஸ்பிரிங், இடது பக்கப் பிளாஸ்டிக் பேனலின் ஸ்க்ரூ ஆகியவற்றைக் கையால் ஆட்டிப் பாருங்கள். 'கிளட்ச் போச்சு' என்று வரும் வண்டிகளில் சிலவற்றுக்கு வேலை இதோடு முடிந்துவிடும்.

அடுத்து, சென்டர் ஸ்டாண்டில் போட்டு, இன்ஜின் சூடானதும் ஐடிலிங்கில் விடுங்கள். பின் சக்கரம் மெதுவாகச் சுற்றினால் பயப்பட வேண்டாம், அது இயல்பு. பின் பிரேக்கை லேசாகப் பிடித்துச் சக்கரத்தை நிறுத்திக் கேளுங்கள். பிரேக் பிடித்தும் சக்கரம் முரண்டுபிடித்தால், ஐடிலிங் அதிகமாக இருக்கிறது அல்லது ஷூவின் சின்ன ஸ்பிரிங் ஒன்று தளர்ந்தோ அறுந்தோ இருக்கிறது. நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையைக் கவரின் முன்பக்கம் வைத்து, கைப்பிடியைக் காதோரம் ஒட்டிக் கேளுங்கள். பிறகு பின்பக்கம் வைத்துக் கேளுங்கள். எங்கே பலமாகக் கேட்கிறதோ அந்தப் புல்லியில்தான் கோளாறு. தளர்வான சட்டை, துப்பட்டா, தொங்கும் ஹெட்போன் வயர் எதுவும் சக்கரத்தின் பக்கம் போக வேண்டாம்.

மூன்றாவது, பிரேக்கை விட்டு ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் திருகுங்கள். சத்தம் மறைகிறதா, கூடுகிறதா, மாறாமல் இருக்கிறதா? இங்கே ஒரு எச்சரிக்கை: பிரேக்கைப் பிடித்துக்கொண்டே ஆக்சிலேட்டரைத் திருகிச் சோதிக்கும் பழக்கம் பலரிடம் உண்டு. இரண்டு மூன்று நொடிக்கு மேல் அப்படிச் செய்தால் ஷூ எரியும், பெல் நீலம் பாய்ந்துவிடும்.

கடைசியாக, இன்ஜினை ஆஃப் செய்து, சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். பிறகு ஸ்டாண்டிலிருந்து இறக்கி இருபதடி தள்ளிப் பாருங்கள். பலர் விட்டுவிடும் சோதனை இது. தள்ளும்போது சக்கரம், ஃபைனல் கியர், டிரைவ் ஷாஃப்ட், பெல் ஆகியவை சுற்றும். பெல்ட்டும் புல்லிகளும் நிற்கும். ஐடிலிங்கில் சுற்றியதற்கு நேர் எதிர். ஆனால் ஷாஃப்டுக்கும் பின் புல்லிக்கும் நடுவில் உள்ள பேரிங் மட்டும் இரண்டு நிலையிலும் உருளும்.

ஆகவே, ஐடிலிங்கிலும் வருகிறது, தள்ளும்போதும் வருகிறது, ஓடும்போது மட்டும் அடங்கிவிடுகிறது என்றால், அது பின் புல்லியின் ஊசி பேரிங் அல்லது பால் பேரிங். தள்ளும்போதும் ஓடும்போதும் வந்து, நிற்கும்போது மட்டும் இல்லையென்றால் ஃபைனல் கியர், பின் சக்கர பேரிங், அல்லது உரசும் பிரேக் ஷூ. ஐடிலிங்கில் மட்டும் வந்து, ஆக்சிலேட்டரைத் தொட்டதும் மறைந்தால் முன் புல்லி, அதாவது ரோலர் பக்கம். கிளம்பும் அந்த ஓரிரு நொடியில் மட்டும் வந்தால் கிளட்ச் ஷூவும் பெல்லும்.

கிளம்பும்போது கீச், கூடவே நடுக்கம்

சென்னையில் அதிகம் வரும் புகார் இதுதான். சிக்னலில் பச்சை விழுந்து ஆக்சிலேட்டரைத் திருகியதும் ஒரு 'கீச்', சில வண்டிகளில் கூடவே உடம்பு முழுக்க ஒரு உதறல், பதினைந்து இருபது கிலோமீட்டர் வேகம் வந்ததும் ஒன்றுமே நடக்காதது போல ஓட்டம்.

காரணம் ஓட்டும் விதத்திலும் ஊரின் போக்குவரத்திலும் இருக்கிறது. கிளட்ச் ஷூ வழுக்குவது பிடிக்கத் தொடங்கும் அந்தக் குறுகிய இடைவெளியில் மட்டும்தான். சாதாரணமாக அது ஓரிரு நொடியில் முடிந்துவிடும். ஆற்காடு சாலையில் மாலை நேரத்தில் அடிமேல் அடியாக நகரும் வண்டிக்கோ அந்த இடைவெளி முடிவதே இல்லை. ஷூவின் மேல் ஒட்டியிருக்கும் உராய்வுப் பட்டையான லைனிங் சூடேறி, மேற்பரப்பு கண்ணாடி போல இறுகிவிடும். அதற்குப் பிறகு அது பெல்லைப் பற்றாமல் பற்றி, விட்டு, மறுபடி பற்றும். அந்த அதிர்வுதான் கீச்சென்று கேட்கிறது, நடுக்கமாக உடம்பில் தெரிகிறது. இதோடு லைனிங் தூளும் தெருப் புழுதியும் பெல்லுக்குள் சேர்ந்தால் சத்தம் இன்னும் பெரிதாகும்.

கவரைக் கழற்றிப் பெல்லை எடுத்தால் ஷூக்கள் தெரியும். லைனிங்கின் கனத்தை அதன் மிக மெலிந்த இடத்தில் அளங்கள். பல மாடல்களில் 2 மி.மீ.க்குக் கீழே போனால் மாற்ற வேண்டும். கனம் போதுமான அளவு இருந்து மேலே மட்டும் பளபளப்பு இருந்தால் மாற்றத் தேவையில்லை. 120 அல்லது 150 நம்பர் உப்புத்தாளை எடுத்து, ஷூவின் வளைவுக்குக் குறுக்காகத் தேயுங்கள். பளபளப்பு போய் மங்கலான ஒரே நிறம் வந்ததும் நிறுத்திவிடலாம். மூன்று ஷூவையும் ஒரே அளவுக்குத் தேய்க்க வேண்டும். ஒன்று மட்டும் மெலிந்தால் நடுக்கம் கூடும். பெல்லின் உட்புறத்தையும் அதே தாளால் ஒரு சுற்று தேய்த்து, பிரேக் கிளீனர் அடித்து வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணியில் கறுப்பு வருவது நிற்கும்வரை துடைப்பது அவசியம்.

தூளை வாயால் ஊதவோ ஏர் அடித்துப் பறக்கவிடவோ கூடாது. பழைய லைனிங், தெரியாத பிராண்ட் லைனிங் எதில் என்ன இருக்கும் என்று நம்மால் சொல்ல முடியாது. முகக்கவசம் போட்டு, ஈரத் துணியால் எடுங்கள்.

பெல்லின் உட்புறத்தை விரலால் தடவினால் விளிம்பில் ஒரு படி தட்டுப்படும். அது தேய்மானத்தின் அளவு. வெர்னியர் காலிப்பரால் உள்விட்டத்தை மூன்று இடத்தில் அளங்கள். 125 மி.மீ. பெல் உள்ள பல வண்டிகளில் 125.5 தாண்டினால் பெல் முடிந்தது. மூன்று அளவும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை என்றால் பெல் கோணிவிட்டது. எவ்வளவு தேய்த்தாலும் நடுக்கம் போகாது. லேத்தில் கொடுத்து ஒரு வெட்டு வெட்டி வாங்கலாம் என்று சொல்வார்கள். வேண்டாம். சுவர் மெலிந்த பெல் சீக்கிரம் சூடாகி மறுபடி கோணும். நீலமும் பழுப்புமாகத் திட்டுத் திட்டாக இருந்தால் சூடு அதிகம் வாங்கியிருக்கிறது என்று அர்த்தம். கோணல் இல்லாவிட்டால் தொடர்ந்து ஓட்டலாம்.

ஷூவில் ஆயிலோ கிரீஸோ பட்டிருந்தால் தேய்த்துப் பிழைக்க வைக்க முடியாது. லைனிங் அதை உறிஞ்சிவிடும், சூடானதும் வெளியே விடும். ஷூவை மாற்றுங்கள். அதற்கு முன் ஆயில் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். முன் புல்லியின் பின்னால் ஈரம் இருந்தால் கிராங்க் ஆயில் சீல், பெல்லுக்குப் பின்னால் இருந்தால் டிரைவ் ஷாஃப்ட் சீல். எங்குமே ஈரம் இல்லை, ஷூவில் மட்டும் பிசுக்கு என்றால், போன முறை பின் புல்லிக்குள் யாரோ தாராளமாகக் கிரீஸ் வைத்திருக்கிறார்கள்.

ஷூ தகட்டில் அதிர்வு தாங்க வைத்திருக்கும் ரப்பர் துண்டுகளையும் நகத்தால் அழுத்திப் பாருங்கள். கல்லாகிப் போயிருந்தால் ஷூக்கள் திரும்பி உட்காரும்போது 'டக்' என்று தட்டும்.

நிற்கும்போது கடகட

ஆக்சிலேட்டரைத் தொட்டதும் மறையும் கடகட சத்தம் ரோலர் பக்கம் என்றோம். ஐடிலிங்கில் ரோலர்கள் அழுத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும். இன்ஜினின் ஒவ்வொரு துடிப்புக்கும் அவை, தங்களை மூடியிருக்கும் தகடான ராம்ப் பிளேட்டில் மோதும். வேகம் கூடினால் வெளிப்பக்கம் தள்ளப்பட்டு இறுகிவிடும், சத்தமும் நின்றுவிடும்.

திறந்ததும் ஆறு ரோலர்களையும் மேஜையில் வரிசையாக வைத்து உருட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்தது உருளாமல் நின்றுவிடும். ஒன்று தேய்ந்திருந்தாலும் ஆறையும் மாற்றுங்கள். பழைய ஐந்தோடு புதிய ஒன்றைப் போட்டால் எடை சமமாக இருக்காது. தட்டை விழுந்த ரோலரோடு ஓடும் வண்டி கிளம்பும்போது வெட்டி வெட்டி ஓடும், மேல் வேகமும் குறையும். எனவே சத்தம் பொறுத்துக்கொள்ளலாம் என்று விட்டால் பெட்ரோலில் அடி விழும்.

ரோலர் நன்றாக இருந்தும் கடகட என்றால், ராம்ப் பிளேட்டின் மூன்று மூலைகளில் மாட்டியிருக்கும் பிளாஸ்டிக் ஸ்லைடுகளைப் பாருங்கள். சின்னப் பொருள் என்பதால் ரோலர் மாற்றும்போதுகூட இவற்றை யாரும் கவனிப்பதில்லை. பிளேட்டை மாட்டி இடவலமாகத் திருப்பினால் லொடலொடவென்று ஆடக்கூடாது. புல்லிக்கு நடுவில் உள்ள பித்தளை புஷ்ஷும், அது ஓடும் இரும்புக் குழாயும் தேய்ந்திருந்தாலும் இதே சத்தம் வரும். அந்த நிலையில் ரோலர் மாற்றுவதில் பலனில்லை. புஷ்ஷையும் குழாயையும் புல்லி முகத்தோடு சேர்த்து மாற்ற வேண்டியிருக்கும்.

ஐடிலிங் குறைவாக வைத்திருந்தால் நல்ல ரோலரும் தட்டும். மேனுவலில் உள்ள ஆர்பிஎம்முக்கு (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றும் சுற்றுகள்) கொண்டுவந்துவிட்டு அப்புறம் முடிவு செய்யுங்கள். ஆக்டிவா போன்ற வண்டிகளில் அது சுமார் 1,700. மைலேஜ் கிடைக்கும் என்று ஸ்க்ரூவைத் தளர்த்திவிட்ட கார்புரேட்டர் வண்டிகளில் இதுவே முழுக் காரணமாக இருப்பதுண்டு. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 புகை விதி கட்டாயமான பிறகு வந்த வண்டிகளில் ஐடிலிங்கை பெரும்பாலும் ஈசியூ என்ற இன்ஜின் கணினி பார்த்துக்கொள்ளும். அது குறைந்தால் த்ராட்டில் பாடியில் கரி படிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

முன் புல்லி பக்கம் வரும் சத்தத்தில் அலட்சியமே கூடாத ஒன்று உண்டு. ஆக்சிலேட்டரைக் கூட்டினாலும் குறைத்தாலும் கனமான 'தொம் தொம்' என்ற இடி வந்தால், முன் புல்லியின் நட்டு தளர்ந்திருக்கலாம். மேலே ஓட்டாதீர்கள். தளர்ந்த புல்லி கிராங்க் ஷாஃப்டின் பல்லை மழித்துவிடும். அதன் பிறகு இன்ஜினையே இறக்கிப் பிரிக்க வேண்டிவரும்.

மற்றவை

பெல்ட் நீண்டு மெலிந்திருந்தால் மேடுபள்ளத்தில் கவரின் உட்புறத்தில் 'படபட'வென்று அடிக்கும். பல் ஒன்று உதிர்ந்திருந்தால் ஓட்டத்தின் வேகத்துக்கேற்ப ஒரே தாளத்தில் தட்டும். பெல்ட்டை உட்புறமாக வளைத்துப் பல்லின் அடியில் பாருங்கள். அங்கேதான் முதலில் வெடிப்பு விழும். அகலம் புதியதைவிட சுமார் ஒரு மில்லிமீட்டர் குறைந்தாலே மாற்றுவது நல்லது. பல கம்பெனிகள் 20,000 முதல் 24,000 கி.மீ.க்குள் மாற்றச் சொல்கின்றன. அறுந்த பெல்ட் உள்ளே சுருண்டு சக்கரத்தையே இறுக்கிவிடக்கூடும் என்பதால், இதில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

இன்ஜின் ஓடும்போது முன்பக்கம் இரும்போடு இரும்பு உரசும் 'கர்ர்ர்' வந்து, கிக்கர் லீவரைக் காலால் லேசாக மேலே தூக்கினால் நின்றுவிட்டால், கிக்கர் கியர் திரும்பி வராமல் புல்லியைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. கவரின் உட்புறத்தில் இருக்கும் அந்தக் கியரைக் கழற்றித் துடைத்து, ஷாஃப்டில் மெல்லிய பூச்சாகக் கிரீஸ் தடவி, கிளிப்பும் ரிட்டர்ன் ஸ்பிரிங்கும் தளரவில்லை என்று பார்த்து மாட்டினால் போதும். செல்ஃப் மட்டுமே போட்டு ஓட்டும் வண்டிகளில் கிக்கர் மாதக்கணக்கில் அசையாமல் துருப்பிடித்து இந்தக் கோளாறு வருகிறது.

வேகத்தோடு ஏறி இறங்கும் 'ஊய்' என்ற ரீங்காரம் ஃபைனல் கியரில் வருவது. முதலில் கியர் ஆயிலை இறக்கிப் பாருங்கள். 110 சிசி வண்டிகளில் 100 முதல் 120 மி.லி. மட்டுமே பிடிக்கும். இன்ஜின் ஆயில் மாற்றும்போது இதை மறந்துவிடுகிறார்கள். ஆயிலில் வெள்ளித்தூள் மின்னினால் பேரிங்கோ கியரோ தேய்கிறது. பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது.

கவரைக் கழற்றுவதும் மூடுவதும்

இன்ஜின் ஆறட்டும். சாவியை எடுத்துவிடுங்கள். கிக்கர் லீவர் எந்தக் கோணத்தில் இருந்தது என்று பெயின்டால் ஒரு கோடு போட்டுக் கழற்றுங்கள். கவர் போல்ட்டுகள் பெரும்பாலும் 8 மி.மீ. தலை கொண்டவை, ஆனால் நீளம் ஒன்றுபோல இருக்காது. ஒரு அட்டையில் கவரின் வடிவத்தை வரைந்து, ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் குத்திவையுங்கள். நீள போல்ட்டை குட்டைத் துளையில் முறுக்கினால் அலுமினியம் வெடிக்கும். எல்லாம் கழன்றும் கவர் வரவில்லை என்றால் ரப்பர் சுத்தியால் ஓரத்தில் தட்டுங்கள். இடுக்கில் ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பினால் பேக்கிங் உட்காரும் முகம் கெட்டுவிடும். கவரைச் சரியான இடத்தில் உட்காரவைக்கும் இரண்டு டோவல் பின்கள் உருண்டு ஓடும், பிடித்துவையுங்கள்.

திறந்த உடனே துடைக்காதீர்கள். கறுப்புத் தூள் அதிகம் என்றால் பெல்ட் அல்லது ஷூ. வெள்ளைப் பிளாஸ்டிக் சீவல் என்றால் ரோலர் அல்லது ஸ்லைடு. செங்கல் நிறத் தூள் என்றால் எங்கோ இரும்பு உரசித் துருவேறுகிறது, அது பெரும்பாலும் பேரிங். முதலில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ரோலரின் எந்தப் பக்கம் எந்தத் திசையில் இருந்தது என்பதும் போட்டோவில் பதிவாகட்டும். கவர் இல்லாமல் இன்ஜினை ஸ்டார்ட் செய்து பார்க்கும் ஆசை வரும். செய்யாதீர்கள். சுற்றும் பெல்ட் விரலை இழுத்துக்கொள்ளும். சில மாடல்களில் ஷாஃப்டின் வெளி முனையைத் தாங்கும் பேரிங்கே கவரில்தான் இருக்கிறது.

முன் புல்லியைப் பிடித்து நிறுத்த அதற்கான ஹோல்டர் வேண்டும். அதன் முகத்தில் உள்ள விசிறி இதழ்களுக்கு நடுவே ஸ்பேனரைச் செருகி நிறுத்தினால் இதழ் உடையும். ஒன்று உடைந்தாலே பேலன்ஸ் போய்ப் புதிய அதிர்வு வரும். பின் புல்லியைப் பிரிக்க வேண்டி வருவது பேரிங், ஷூ போன்றவற்றை மாற்றும்போதுதான். அதன் பெரிய நட்டுக்குப் பின்னால் நடு ஸ்பிரிங் அழுத்தத்தில் இருக்கிறது. ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கம்ப்ரெஸ்ஸர் கருவி இல்லாமல் கழற்றினால் நட்டு முகத்தில் வந்து அடிக்கும். அந்த வேலையைக் கருவி உள்ள பட்டறைக்குக் கொடுத்துவிடுங்கள்.

மாட்டும்போது நடக்கும் ஒரு தவறு பல வண்டிகளைக் கெடுத்திருக்கிறது. பெல்ட்டை மாட்டி, முன் புல்லியின் வெளி முகத்தை வைத்து, நட்டை இம்பாக்ட் கன்னால் அடித்துவிடுவார்கள். பெல்ட் அப்போது விறைப்பாக இருந்தால், வெளி முகம் நடுக்குழாயில் போய் உட்காராமல் பெல்ட்டின் பக்கவாட்டில் உட்காரும். நட்டு முழுசாக முறுகிவிட்டது போலத் தோன்றும். வண்டி ஓடியதும் பெல்ட் நகரும், நட்டு தளரும், மேலே சொன்ன 'தொம் தொம்' அங்கிருந்துதான் தொடங்குகிறது. தவிர்ப்பது சுலபம். பின் புல்லியின் இரு முகங்களையும் கையால் விலக்கி, பெல்ட்டை அதன் அடிவரை அழுத்தி இறக்குங்கள். முன்பக்கம் பெல்ட் தொளதொளவென்று ஆகும். அந்த நிலையிலேயே வெளி முகத்தை வைத்து, ஷாஃப்டின் பல், அந்த முகத்தின் துளையில் சரியாக இறங்கி வெளியே தெரிகிறதா என்று பாருங்கள். நட்டைக் கையால் ஓட்டி, டார்க் ரெஞ்சால் மேனுவல் அளவுக்கு முறுக்குங்கள். முடித்ததும் முன் புல்லியைக் கையால் சில சுற்று சுற்றினால் பெல்ட் தானாக மேலே ஏறி உட்காரும்.

பெல்ட்டில் அம்புக்குறி இருந்தால் அது சுற்றும் திசையைப் பார்க்க வேண்டும். புல்லி முகங்களில் விரல் எண்ணெய்கூட இருக்கக்கூடாது. மேனுவல் கிரீஸ் வைக்கச் சொல்லாத மாடலில் ரோலரை உலர்ந்தபடியே போடுங்கள். கிரீஸ் அங்கே தூளோடு சேர்ந்து உப்புத்தாள் வேலையைச் செய்யும். கவர் போல்ட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக, 10 நியூட்டன் மீட்டர் அளவுக்கு முறுக்கினால் போதும்.

மழைக்காலத்தில்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் தண்ணீரில் நின்ற வண்டிகளை நினைத்துப் பாருங்கள். இந்தக் கவருக்குள் குளிர்காற்று போக ஒரு குழாய் உண்டு. தண்ணீர் அதன் வாய்வரை வந்தால் உள்ளேயும் வந்துவிடும். சப்வேயில் நீந்தி வெளியேறிய வண்டி, ஆக்சிலேட்டரைத் திருகினால் இன்ஜின் மட்டும் கத்தி வண்டி நகராமல் இருந்தால் பெல்ட் நனைந்து வழுக்குகிறது. மேலும் திருகாதீர்கள், ஒரே இடத்தில் தேய்ந்து பெல்ட் பொசுங்கும். கவரின் அடியில் வடிகால் குழாயோ அடைப்போ இருக்கும் மாடலில் அதைத் திறந்து தண்ணீரை வடித்துவிடுங்கள். மறுநாளே கவரைக் கழற்றி உலர்த்துங்கள். ஒரு வாரம் விட்டால் பெல்லின் உட்புறமும் புல்லி முகங்களும் துருப்பிடித்து, பெல்ட்டை அரம் போல அராவும். கியர் ஆயிலையும் அப்போதே மாற்றிவிடுவது நல்லது. பெசன்ட் நகர், திருவொற்றியூர் போலக் கடலோரம் நிற்கும் வண்டிகளில் வெள்ளம் இல்லாமலே உப்புக்காற்றில் இந்தத் துரு வரும்.

பாகம் வாங்கும்போது

சென்னையின் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் எல்லா வண்டிக்கும் எல்லாம் கிடைக்கும். பழைய பாகத்தைக் கையோடு கொண்டுபோங்கள், பார்ட் நம்பரையும் மாடல் வருஷத்தையும் எழுதிக்கொண்டு போங்கள். ஒரே பெயரில் வந்த வண்டியிலேயே மாடலுக்கு மாடல் பெல்ட் மாறும். ரோலரை நகைக்கடைத் தராசு போன்ற சின்ன டிஜிட்டல் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்துப் பாருங்கள். ஒன்றுக்கொன்று 0.2 கிராமுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அந்த செட் வேண்டாம். எடை குறைந்த ரோலர் போட்டால் பிக்கப் கூடும் என்று ஆசை காட்டுவார்கள். கிளம்பும் வேகம் கூடும், கூடவே எப்போதும் அதிக ஆர்பிஎம்மில் இன்ஜின் ஓடி மைலேஜ் இறங்கும். பயன்படுத்திய பெல்லையோ புல்லியையோ வாங்கினால் வெர்னியரைப் பையிலேயே வைத்துக்கொண்டு அங்கேயே அளந்து வாங்குங்கள்.

மாட்டி முடித்த பிறகு

சென்டர் ஸ்டாண்டில் ஐடிலிங்கில் இரண்டு நிமிடம் விட்டு, அதே ஸ்க்ரூ டிரைவரால் முன்னும் பின்னும் கேளுங்கள். பிறகு ஆக்சிலேட்டரை மெதுவாக ஏற்றி இறக்குங்கள். புதிய ஷூ போட்டிருந்தால் முதல் சில நாள் கிளம்பும்போது லேசான கீச்சோ வழுக்கலோ இருக்கும். லைனிங் முழுப் பரப்பிலும் பெல்லில் படிய அதற்கு நேரம் வேண்டும். அதுவரை இரண்டு பேரோடு மேம்பாலம் ஏறி நடுவில் நின்று கிளம்புவதைத் தவிருங்கள். மேட்டில் நிற்க வேண்டி வந்தால் ஆக்சிலேட்டரால் வண்டியைத் தாங்காமல் பிரேக்கைப் பிடியுங்கள். முதல் நூறு கிலோமீட்டர் ஓடியதும் கவர் போல்ட்டுகளை ஒருமுறை சரிபார்த்து, கவரின் அடிவிளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். ஈரம் தட்டுப்பட்டால் கவரை மறுபடி திறந்து, எந்த சீல் கசிகிறது என்று உடனே பாருங்கள்.